விழாவுக்கு அப்பா வேட்டியில் வரலாமா?

கேள்வி: எனக்கு வயது 28. சாத்தூர் பக்கம் ஒரு கிராமம் சொந்த ஊர். சென்னையில் தனியார் நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறேன். நிறுவனத்தின் 25ஆம் ஆண்டு விழா அடுத்த மாதம் ஒரு நட்சத்திர ஹோட்டலில் மாலை 7 மணிக்கு நடக்கிறது. சிறந்த பணியாளர் விருது பெறுபவர்களில் நானும் ஒருவன். பெற்றோரையும் அழைத்திருக்கிறார்கள். அழைப்பிதழில் ‘உடை: ஃபார்மல்’ என்று போட்டிருக்கிறது. என்னிடம் கோட் இல்லை. 18,000 ரூபாயில் ஒரு கோட் சூட்டைத் தவணையில் வாங்கலாமா என்று யோசிக்கிறேன். அப்பா தீப்பெட்டித் தொழிற்சாலையில் கணக்கு எழுதியவர். வேட்டி தவிர வேறு உடுத்தியதே இல்லை. அவரைப் பேண்ட் போடச் சொல்லலாமா? சொன்னால் வருத்தப்படுவார். சொல்லாவிட்டால் அங்கே யாராவது ஒரு மாதிரி பார்ப்பார்களோ என்று பயமாக இருக்கிறது. அம்மா தன் கல்யாணப் பட்டை எடுத்து வைத்திருக்கிறார். அது அதிகமாகத் தெரியுமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சென்னை

பதில்: அன்புள்ள தம்பி,

அப்பாவைப் பேண்ட் போடச் சொல்லாதீர்கள். அறுபது வயதை ஒட்டியவர் முதன்முறையாகப் பேண்ட்டும் பெல்ட்டும் ஷூவும் போட்டு, பழக்கமில்லாத இடத்தில், பழக்கமில்லாத மனிதர்களுக்கு நடுவே மூன்று மணி நேரம் உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பாருங்கள். இடுப்பை இழுத்து விட்டுக்கொள்வதிலும் காலை நகர்த்தி வைத்துக்கொள்வதிலுமே அவருடைய கவனம் போய்விடும். நீங்கள் விருது வாங்குவதைப் பார்க்கத்தான் அவர் வருகிறார். அதை நிம்மதியாகப் பார்க்க அவரை விடுங்கள்.

வாசலில் தடுப்பார்களோ என்ற பயம் உங்களுக்கு இருந்தால் அதற்கும் இடமில்லை. 2014 ஜூலையில் சென்னையில் ஒரு கிளப்பில் நடந்த நூல் வெளியீட்டு விழாவுக்கு வேட்டியில் போன உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரையே உள்ளே விடவில்லை. பெரிய கொந்தளிப்பு எழுந்தது. அடுத்த மாதமே சட்டமன்றத்தில் ஒரு சட்டம் நிறைவேறியது. வேட்டியோ வேறு இந்திய மரபு உடையோ அணிந்து வருபவரைப் பொது இடத்தில் நுழையவிடாமல் தடுத்தால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம். அந்த அமைப்பின் உரிமமும் ரத்தாகலாம்.

ஆனால் உங்கள் பயம் காவலாளியைப் பற்றியதல்ல, சக ஊழியர்களின் பார்வையைப் பற்றியது என்று கடிதத்திலேயே தெரிகிறது. அதற்கு ஒரு மேடையைச் சொல்கிறேன். ஸ்டாக்ஹோமில் நோபல் பரிசு வழங்கும் விழாவுக்கு ஆண்கள் நீண்ட வால் வைத்த கறுப்புக் கோட்டும் வெள்ளை போ டையும் அணிந்துதான் வர வேண்டும். உலகத்தில் இன்றும் மிச்சமிருக்கும் கடுமையான உடை விதிகளில் அது ஒன்று. ஆனாலும் அவரவர் நாட்டு மரபு உடைக்கு அங்கே இடம் உண்டு. 2019 டிசம்பர் 10 அன்று பொருளாதாரப் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, வேட்டியும் கழுத்து மூடிய கறுப்பு பந்த்கலா கோட்டும் அணிந்து மேடையேறினார். உடன் பரிசு பெற்ற அவருடைய மனைவி எஸ்தர் டுஃப்லோ பிரான்ஸில் பிறந்தவர். அவர் புடவை உடுத்தி வந்தார். சுவீடன் மன்னரின் கையால் பரிசு வாங்கப் பொருந்திய உடை, உங்கள் நிறுவனத்தின் இரவு விருந்துக்கும் பொருந்தும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கோட்டுக்கு விதிகள் இருப்பதைப் போலவே வேட்டிக்கும் இருக்கின்றன. கோட்டின் கடைசிப் பொத்தானைப் போடக் கூடாது, உட்காரும்போது பொத்தானைக் கழற்றிவிட வேண்டும் என்று நீங்கள் இனிமேல்தான் பழகப் போகிறீர்கள். மடித்துக் கட்டிய வேட்டியைப் பெரியவர் எதிரே வந்ததும் இறக்கிவிடுவது, கரை நேராக விழும்படி கட்டுவது, கீழ் ஓரம் தரையில் புரளாமல் கணுக்கால் அளவில் நிற்கவைப்பது எல்லாம் உங்கள் அப்பாவுக்குக் கையோடு வந்த பழக்கம். முறையாக உடுத்தும் கலையில் உங்கள் வீட்டில் அவர்தான் தேர்ந்தவர்.

நீங்கள் செய்ய வேண்டியது அவருடைய உடைக்கு அந்த மாலைக்கேற்ற மெருகு தருவது மட்டும். எட்டு முழ இரட்டை வேட்டியில், நல்ல பருத்தியில், மெல்லிய சரிகைக் கரை வைத்ததாக ஒன்று வாங்குங்கள். கோட்டின் விலையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. அகலமான வண்ணக் கரை வேண்டாம். நம் ஊரில் அதைக் கட்சிக் கரை என்று எண்ணிக்கொள்வார்கள், உங்கள் விழாவில் அந்தப் பேச்சு எதற்கு? முழுப் பட்டு வேட்டியும் வேண்டாம், அது கல்யாண மேடைக்கு உரியது. புது வேட்டி மொடமொடப்பாக நிற்கும், உடம்போடு படியாது. ஒருமுறை அலசி, இலேசாகக் கஞ்சி போட்டு, இஸ்திரி செய்துவிடுங்கள்.

சட்டைதான் பலர் கோட்டைவிடும் இடம். முழுக்கைச் சட்டையாக இருக்கட்டும், மணிக்கட்டில் பொத்தான் போட்டிருக்கட்டும். வெள்ளையோ இளம் சந்தன நிறமோ அவருக்கு எது பிடிக்கிறதோ அது. துணி மெல்லியதாக இருந்தால் உள்ளே கைவைத்த பனியன் அவசியம். சட்டைப்பையில் பணமும் பஸ் டிக்கெட்டும் கைப்பேசியும் வெளியே தெரிய நிறைந்திருந்தால் எவ்வளவு நல்ல சட்டையும் தொய்ந்துவிடும். அவற்றை நீங்கள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். காலுக்குத் தோல் செருப்பு, ரப்பர் செருப்பு வேண்டாம். அங்கவஸ்திரம் அவருக்குப் பழக்கமானால் போடட்டும். படம் எடுப்பதற்காகப் போட்டுவிட்டு இரவெல்லாம் தோளில் சரிசெய்துகொண்டிருக்கத் தேவையில்லை.

அம்மாவின் பட்டு அதிகமாகத் தெரியுமா என்கிறீர்கள். இல்லை. மாலை நேர விழா, மின்விளக்கு வெளிச்சம், ஏசி அரங்கம்: காஞ்சிபுரம் பட்டுக்கு இதைவிடப் பொருத்தமான சூழல் வேண்டாம். மேலும், மகனுக்கு விருது தரும் நாளில் தன்னிடம் உள்ளதில் சிறந்ததை உடுத்த வேண்டும் என்று அந்த அம்மாவுக்குத் தோன்றியிருக்கிறது. அதை ‘ஓவர்’ என்று ஒரு சொல்லால் அணைத்துவிடாதீர்கள்.

ஆனால் அது முப்பது ஆண்டுக்கு மேற்பட்ட புடவையாக இருக்கும். இன்றே பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரே மடிப்பில் நெடுநாள் இருந்த பட்டு அந்த மடிப்பிலேயே இற்றுப்போகும். உடுத்தி உட்காரும்போது விட்டுவிடும். மடிப்பு உறுதியாக இருந்தால் நிழலில் காற்றாட விரித்து, வேறு வாக்கில் மடித்து வைக்கட்டும். நேர் வெயிலில் போட்டால் நிறம் வெளுக்கும். சென்ட் அடித்துக்கொள்வதென்றால் புடவை கட்டுவதற்கு முன்பே. அது சரிகையில் பட்டால் சரிகை கறுக்கும். பழைய ரவிக்கை இப்போது சேராது. காஞ்சிபுரத்தின் கோர்வைப் புடவையில் உடலும் கரையும் வேறு வேறு நிறத்தில் நெய்து கோக்கப்படும். அம்மாவுடையது அப்படிப்பட்டதென்றால் கரையின் நிறத்தில் புது ரவிக்கை தைத்தால் பழைய புடவை புதிதாகவே தெரியும். தையல்காரரிடம் இரண்டு வாரம் முன்னதாகக் கொடுங்கள். புடவை இற்றுப்போயிருந்தால் மனம் தளர வேண்டாம். வீட்டில் உள்ள நல்ல பருத்திப் புடவையில் வந்தாலும் அம்மா அந்த அரங்கில் எவருக்கும் குறைந்தவராகத் தெரியமாட்டார்.

இனி உங்கள் கோட். தவணை வேண்டாம். இந்த ஒரு விஷயத்தில் நான் கண்டிப்பாகவே சொல்வேன்: ஒரு மாலைக்காக மாதக்கணக்கில் கடன் கட்டும் உடையில் நீங்கள் இயல்பாக இருக்க முடியாது. முதலில் நிர்வாகப் பிரிவில் கேளுங்கள், மேடை ஏறுபவர்களுக்குக் கோட் கட்டாயமா என்று. நம் ஊர் அலுவலக விழாக்களில் முழுக்கைச் சட்டை, அடர்நிறப் பேண்ட், டை, தோல் ஷூ இருந்தாலே பெரும்பாலும் போதும். கட்டாயம் என்றால் வாடகைக்கு எடுங்கள். சொந்தமாகவே வேண்டுமென்று தோன்றினால் கோட் சூட்டாக இல்லாமல் கருநீல பிளேஸர் ஒன்றை மட்டும் கைப்பணத்தில் வாங்குங்கள். சாம்பல் நிறப் பேண்ட்டோடு அடுத்த ஐந்து ஆண்டுகளுக்கு எல்லா இடத்துக்கும் உதவும்.

வாங்கினாலும் வாடகைக்கு எடுத்தாலும் தோளைப் பாருங்கள். கோட்டின் தோள் தையல் உங்கள் தோள் முடியும் இடத்தில் முடிய வேண்டும். கையின் நீளத்தையும் இடுப்பையும் தையல்காரர் சுலபமாகச் சரிசெய்துவிடுவார். தோளைச் சரிசெய்வது பெரும்பாடு, பலர் தொடவே மாட்டார்கள். கோட்டின் கை முடிந்த பிறகு சட்டையின் கை அரை அங்குலம் வெளியே தெரிய வேண்டும். புதுக் கோட் என்றால் பின்பக்கப் பிளவில் பெருக்கல் குறி போல் ஒரு தையல் இருக்கும், கோட்டின் கையில் தயாரித்த நிறுவனத்தின் துணிப்பட்டி ஒட்டியிருக்கும். இரண்டையும் பிரித்துவிட வேண்டும், அவை கடைக்காகப் போடப்பட்டவை. டையின் நுனி பெல்ட் பக்கிளைத் தொட்டால் சரி. பெல்ட்டும் ஷூவும் ஒரே நிறம். சாக்ஸ் பேண்ட்டின் நிறத்தில், கெண்டைக்கால் வரை நீண்டதாக இருக்கட்டும். மேடையில் நாற்காலி போட்டு உட்காரவைத்தால் கீழே இருப்பவர்களின் கண்ணுக்கு நேராக உங்கள் கால்தான் இருக்கும்.

அப்பாவுக்குத் துணையாக நீங்களும் வேட்டி கட்டலாமா என்று ஒருவேளை தோன்றலாம். உங்களுக்கு அதில் நடமாடப் பழக்கமிருந்தால் தாராளமாகக் கட்டுங்கள். எதையோ நிரூபிப்பதற்காக என்றால் வேண்டாம்.

உடையைவிட உங்கள் பெற்றோரைத் தடுமாறவைக்கக்கூடியது பஃபே. தட்டைக் கையில் ஏந்தி நின்றுகொண்டே சாப்பிடுவது அவர்களுக்குக் கஷ்டம், பட்டுப்புடவையோடு இன்னும் கஷ்டம். உட்கார்ந்து சாப்பிட மேசை இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டு ஒரு மூலையைப் பார்த்து வையுங்கள். நீங்களே பரிமாறி எடுத்து வாருங்கள். ஸ்பூன் வேண்டாமென்றால் அப்பா கையால் சாப்பிடட்டும். கை கழுவும் இடம் எது என்பதை வந்தவுடன் காட்டிவிடுங்கள்.

அப்பாவிடம் இதை எப்படிச் சொல்வதென்றும் யோசியுங்கள். “வேட்டியிலேயே வரலாம், பரவாயில்லை” என்று சொன்னால் ஏதோ விட்டுக்கொடுப்பது போல ஆகிவிடும். வேட்டியையும் சட்டையையும் வாங்கி ஊருக்கு எடுத்துப் போய்க் கொடுத்து, “விழாவுக்கு இதைக் கட்டிக்கொள்ளுங்கள் அப்பா” என்று சொல்லுங்கள். விருதுக்கு என் வாழ்த்துகள், தம்பி.