மூன்று மாதத்தில் புது உடம்பு கிடைக்குமா?

கேள்வி: எனக்கு வயது 41, உயரம் 168 செண்டிமீட்டர், எடை 82 கிலோ. சரக்குக் கிடங்கில் இரவு வேலை. மூன்று மாதத்தில் தம்பிக்குத் திருமணம். அதற்குள் 68 கிலோவுக்கு இறங்க நினைக்கிறேன். சோற்றை அறவே நிறுத்தி, அவித்த கோழியும் புரதப் பொடியுமாக இரண்டு முறை முயன்றேன். முதல் முறை பதினோரு நாள் தாங்கினேன், அடுத்த முறை எட்டு நாள். பிறகு விடியற்காலை நான்கு மணிக்குக் கடையில் உட்கார்ந்து மூன்று புரோட்டா சாப்பிட்டேன். எனக்கு மனக்கட்டுப்பாடே இல்லையா? (ஈசூன் வாசகர்)

பதில்: தம்பி, 26 வருடம் தாதியாக இரவு வேலையும் பார்த்தவள் நான். அந்த நான்கு மணிப் பசியிடம் மனக்கட்டுப்பாட்டைப் பற்றிப் பேசிப் பயனில்லை. உறக்கம் கெட்ட உடம்பு மாவையும் இனிப்பையும்தான் தேடும். எட்டு நாள் சோற்றைக் கண்ணில் காட்டாமல் வைத்திருந்துவிட்டு மூன்று புரோட்டாவோடு எழுந்தீர்களே, அதுவே பெரிது.

மூன்று மாதத்தில் 14 கிலோ என்றால் வாரத்துக்கு ஒரு கிலோவுக்கும் மேல். அந்த வேகத்தில் கொழுப்போடு தசையும் கரையும். வாரத்துக்கு அரைக் கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள், திருமணத்துக்குள் ஆறு கிலோ குறையும். சிரிக்காதீர்கள். நான்கு கிலோ குறைந்தாலே இரத்த அழுத்தமும் சர்க்கரையும் இறங்கத் தொடங்கும். உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் உடல் எடைக் குறியீடு உங்களுக்கு இப்போது 29. ஆசியர்களுக்கு 27.5 என்பதே அதிக ஆபத்தின் வாசல். 40 வயதைக் கடந்தவர் என்பதால் சிங்கப்பூர் அரசின் ஹெல்தியர் எஸ்ஜி நலத் திட்டத்தில் ஒரு மருந்தகத்தில் பதிந்துகொண்டால் முதல் ஆலோசனை இலவசம். இரத்தச் சர்க்கரையைப் பார்த்துவிடுங்கள்.

கடிதத்தில் தேநீரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இரவு வேலைக்காரர் தேநீர் குடிப்பதில்லை என்றால் நான் நம்பமாட்டேன். டின் பாலின் எடையில் பாதிக்கு மேல் சர்க்கரைதான். அந்தப் பாலை ஊற்றி ஆற்றிய ‘தே தாரிக்’ ஒரு இரவுக்கு மூன்று என்பது என் கணக்கு. 47 வயதில் சீருடைப் பொத்தான் போட முடியாமல் போனபோது சாப்பாட்டில் நான் கை வைக்கவில்லை, தேநீரை மட்டும் மாற்றினேன். முதல் மாதம் ‘சியூ தாய்’, அதாவது சர்க்கரை குறைத்து. அடுத்த மாதம் ‘தே சி கோசோங்’, அதாவது டின் பாலுக்குப் பதில் இனிப்பில்லாத ஆவிப்பால், சர்க்கரையே இல்லாமல். அதை முதன்முதலாகக் கேட்ட அன்று கடைக்காரர் கரண்டியை அப்படியே நிறுத்தி, “என்ன அக்கா, இனிப்பு நீர் வந்துவிட்டதா?” என்று கவலையோடு கேட்டார். சில வாரம் கழித்து யாரோ வாங்கித் தந்த பழைய ‘தே தாரிக்’கை இரண்டு வாய்க்கு மேல் என்னால் குடிக்க முடியவில்லை. நாக்கு அவ்வளவு சீக்கிரம் கட்சி மாறும்.

அது பழகிய பிறகு சாப்பாட்டு டப்பாவுக்கு வாருங்கள். சுகாதார மேம்பாட்டு வாரியம் சொல்லும் தட்டில் பாதி காய்கறியும் பழமும், கால் பங்கு முழுத்தானியம், கால் பங்கு மீன், இறைச்சி, பருப்பு போன்றவை. நம் வீட்டுத் தட்டிலோ சோறு மலை, பொரியல் திருஷ்டிப் பொட்டு. ஒரு கைப்பிடிச் சோறு, பூண்டு தட்டிப் போட்ட கங்குங் கீரை, ஒரு துண்டு மீன் என்று அடுக்கிக்கொண்டு போங்கள். தேக்காவில் பஃபலோ சாலைக் கடைகளில் வெண்டைக்காயும் முருங்கைக்கீரையும் கிடைக்கும்போது கங்குங்கையே ஏன் தின்ன வேண்டும் என்று கேட்டால், அதுவும் சரிதான். முக்கியமானது சின்ன டப்பா. அதில் இரண்டு அவித்த முட்டையும் கொஞ்சம் கொண்டைக்கடலைச் சுண்டலும் வையுங்கள். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது. அதை மூன்று மணிக்கே, பசி முற்றுவதற்கு முன் சாப்பிட்டுவிடுங்கள். நான்கு மணிக்குக் கடையைத் தாண்டி நடக்கும் கால் உங்களுடையதாக இருக்கும்.

புரோட்டாவை விலக்காதீர்கள். விடுமுறை நாளில், பகலில், குடும்பத்தோடு உட்கார்ந்து ஒரு முட்டைப் புரோட்டா, பருப்புக் குழம்போடு. புரதப் பொடியைத் தூக்கிப்போடவும் வேண்டாம், ஆனால் வாரம் இரண்டு நாளாவது பளு தூக்கும் உடற்பயிற்சி செய்யாதவருக்கு அது விலை கூடிய பால் மாவுதான்.

கேள்வி: பழுப்பரிசிச் சோற்றை என் கணவர் தொடவே மறுக்கிறார். என்ன செய்வது? (பிடோக் வாசகி)

பதில்: ஒரே நாளில் முழுதாக மாற்றியிருப்பீர்கள். நான்கு பங்கு வெள்ளை அரிசிக்கு ஒரு பங்கு பழுப்பரிசி போதும். பழுப்பரிசியை மட்டும் இரண்டு மணி நேரம் ஊறவைத்துச் சேருங்கள். சாம்பாருக்கு அது பொருந்தும், தயிருக்கு மட்டும் வெள்ளையே இருக்கட்டும். பாதிக்குப் பாதி வந்துசேர என் வீட்டில் ஐந்து மாதம் பிடித்தது. என் வீட்டுக்காரர் சாப்பிடும்போது கண்ணாடி போடமாட்டார். ஏதோ புது ரக அரிசி என்று இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறார்.