வலி போய்விட்டது, வண்டி எடுக்கலாமா?

கேள்வி: ஐந்து வாரங்களுக்கு முன் காட்டுப்பாதையில் மோட்டார் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தபோது, ஓர் இறக்கத்தில் முன்சக்கரம் பாறைகளுக்கு நடுவே சிக்கி ஹேண்டில்பாருக்கு மேலாகத் தூக்கி எறியப்பட்டேன். இடது காரை எலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை தேவைப்படவில்லை. விழுந்த பிறகு சில நொடிகள் என்ன நடந்தது என்று நினைவில்லை. நண்பர் முன்னால் போய்விட்டார், போனில் சிக்னல் இல்லை. அவர் திரும்பி வந்து என்னைப் பார்க்கக் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் ஆனது. இப்போது வலி இல்லை, கையைத் தாங்கும் ஸ்லிங்கையும் கழற்றியாயிற்று. எப்போது மறுபடி ஓட்டலாம்? இனி இப்படி நடந்தால் சமாளிக்க என்னவெல்லாம் தயாராக வைத்திருக்க வேண்டும்?

பதில்: முதல் கேள்விக்கு நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். இப்போது வேண்டாம். வலி இல்லை என்பதால்தான் இந்த வாரங்களில் கூடுதல் கவனம் வேண்டும்.

எலும்பு முறிந்த இடத்தில் இரண்டு மூன்று வாரங்களில் குருத்தெலும்பு போன்ற மென்மையான திசு உருவாகி இரண்டு முனைகளையும் பிடித்துக்கொள்ளும். முனைகள் ஒன்றோடொன்று உரசுவது நின்றதும் வலி சட்டென்று குறைந்துவிடும். ஆனால் அந்தத் திசு கெட்டி எலும்பாக மாறப் பெரியவர்களுக்குப் பொதுவாக 6 முதல் 12 வாரம் ஆகும். அதற்குப் பிறகும் எலும்பு தன்னைச் சீரமைத்துக்கொள்வது மாதக்கணக்கில் நடக்கும். வலி விட்டதற்கும் எலும்பு சேர்ந்ததற்கும் நடுவே உள்ள இந்த வாரங்களில் நிறையப் பேர் வண்டியை எடுத்துவிடுகிறார்கள். மறுபடி அதே தோளில் விழுந்தால், ஸ்லிங்கோடு முடிந்திருக்க வேண்டியது தகடு வைக்கும் அறுவை சிகிச்சையில் போய் நிற்கும். புகை பிடிக்கிறவராக இருந்தால் எலும்பு சேர இன்னும் தாமதமாகும். இந்த மாதங்களிலாவது கட்டாயம் நிறுத்துங்கள்.

அதனால் மருத்துவரிடம் போகும்போது ‘வலி இல்லை’ என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். புது எக்ஸ்ரேயில் முறிவுக்குக் குறுக்கே எலும்பு பாலம் போட்டிருக்கிறதா என்று கேளுங்கள். நீங்கள் ஓட்டுவது தார்ச்சாலையில் அல்ல, விழுவதற்கு வாய்ப்புள்ள பாதையில் என்பதையும் சொல்லுங்கள். அவருடைய பதில் அதைப் பொறுத்து மாறும். கரடுமுரடான பாதைக்குத் திரும்பச் சாதாரணமாக 3 மாதத்தை ஒட்டி ஆகும் என்று மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

அவர் சரி என்றதும் உங்கள் பங்குக்கு மூன்று விஷயங்களைச் சோதித்துப் பாருங்கள். இரண்டு கைகளும் தலைக்கு மேல் ஒரே உயரம் போக வேண்டும். தரையில் தண்டால் எடுக்கும் நிலையில் அரை நிமிடம் உடல் நடுங்காமல் நிற்க முடிய வேண்டும். அப்புறம், கீழே படுக்க வைத்த உங்கள் வண்டியை நீங்களே தூக்கி நிறுத்த முடிய வேண்டும். மூன்றாவதைப் பலர் பொருட்படுத்துவதில்லை. பாதைக்குள் எத்தனை தடவை வண்டி சாயும் என்று உங்களுக்கே தெரியும். முறிந்தது இடது பக்கம் என்பதால் கிளட்ச் கையின் பிடியும் குறைந்திருக்கும். இன்னும் பிசியோதெரபி தொடங்கவில்லை என்றால் இந்த வாரமே தொடங்குங்கள். ஸ்லிங்கில் கிடந்த தோள் தானாக இளகாது.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். ஹேண்டில்பாரைத் தாண்டி விழுகிறவர்கள் பெரும்பாலும் உள்ளங்கையை ஊன்றுவார்கள். கட்டைவிரலை நன்றாக விரித்துப் பிடித்தால், அதன் அடியில், மணிக்கட்டு ஓரமாக, இரண்டு தசைநாண்கள் புடைத்து நடுவே ஒரு சிறு பள்ளம் தெரியும். அந்தப் பள்ளத்துக்குள் மறு கையின் விரல் நுனியால் அழுத்துங்கள். சுருக்கென்று வலித்தால் அங்கே இருக்கும் படகு வடிவச் சிற்றெலும்பு முறிந்திருக்கலாம். இந்த முறிவு முதல் நாள் எக்ஸ்ரேயில் தெரியாமலே போவதுண்டு. அதனால்தான் சந்தேகம் இருந்தால் 10 முதல் 14 நாள் கழித்து மறுபடி படம் எடுப்பார்கள். அந்த எலும்புக்கு ரத்தம் விரல் பக்கமிருந்து பின்னோக்கிப் போகிறது. முறிவு அந்த வழியை வெட்டிவிட்டால் பின்பாதி செத்துவிடும். சுளுக்கு என்று நினைத்து எண்ணெய் தேய்த்துக்கொண்டே காலத்தைக் கடத்தினால் மணிக்கட்டு நிரந்தரமாகப் பலவீனமாகிவிடும்.

அடுத்தது தலை. காரை எலும்பைவிட எனக்கு அதிகக் கவலை தருவது நீங்கள் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போன அந்தச் சில நொடிகள்தான். நினைவு தப்பியது என்றால் மூளை அதிர்ந்திருக்கிறது. ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று வந்தாலும் இது உண்மை. இருட்டறையில் நாள்கணக்கில் படுத்திருக்கச் சொன்ன பழைய முறை இப்போது கிடையாது. முதல் ஒன்றிரண்டு நாள் ஓய்வு, பிறகு நடை, பிறகு கொஞ்சம் வேகமான உடற்பயிற்சி என்று படிப்படியாக ஏற்றுவார்கள். விளையாட்டுக்குத் திரும்பும்போது ஒவ்வொரு படிக்கும் குறைந்தது 24 மணி நேரம் கொடுப்பார்கள். தலையில் அடிபட வாய்ப்புள்ள கடைசிப் படிக்கு மருத்துவர் அனுமதி தர வேண்டும்.

ஐந்து வாரம் ஆன பிறகும் திரையைப் பார்த்தால் தலைவலி, தலையைச் சட்டென்று திருப்பினால் கிறுகிறுப்பு, தூக்கம் கெடுவது, காரணமில்லாத எரிச்சல் இருக்கிறதா? வீட்டில் உள்ளவர்களையும் கேளுங்கள், அவர்கள் கண்ணுக்குத்தான் முதலில் படும். ஒன்று இருந்தாலும், தோள் எவ்வளவு நன்றாக இருந்தாலும், வண்டி வேண்டாம். முதல் அதிர்ச்சி அடங்கும் முன் இரண்டாவது அடி விழுவது உயிருக்கே ஆபத்தாகலாம்.

அந்த ஹெல்மெட்டையும் விட்டுவிடுங்கள். உள்ளே இருக்கும் தெர்மோகோல் போன்ற அடுக்கு ஒரு தடவை நசுங்கி அடியை வாங்கிக்கொள்ளும். மறுபடி உப்பாது. வெளியே கீறல்கூட இல்லாமல் உள்ளே நசுங்கியிருக்கும். குப்பையில் போடும் முன் பட்டையை அறுத்துவிடுங்கள், வேறொருவர் எடுத்து மாட்டிவிடக் கூடாது.

இப்போது இரண்டாவது கேள்வி. முதலுதவிப் பெட்டியில் என்னென்ன இருக்க வேண்டும் என்ற பட்டியலை எதிர்பார்த்திருப்பீர்கள். அன்று உங்களுக்குக் குறையாக இருந்தது பெட்டி அல்ல. ஒரு மணி நேரம் நீங்கள் விழுந்ததே யாருக்கும் தெரியவில்லை. தொடை ரத்தக்குழாய் அறுந்திருந்தால் அவ்வளவு நேரம் இருந்திருக்காது, சில நிமிடங்கள்தான்.

இதைச் சரிசெய்யக் காசே தேவையில்லை. குழுவில் ஒவ்வொருவரும் தமக்குப் பின்னால் வருகிறவருக்குப் பொறுப்பு. பாதை பிரியும் ஒவ்வொரு இடத்திலும் பின்னால் வருகிறவரின் முகம் தெரியும்வரை நிற்க வேண்டும். பிரிவே இல்லாத நீண்ட பாதையில், சில நிமிடங்களுக்கு ஒருமுறை நின்று பார்க்க வேண்டும். வரவில்லை என்றால் திரும்பிப் போக வேண்டும். புறப்படும் முன் இதைச் சத்தமாகப் பேசி முடிவு செய்யுங்கள். வேகமாக ஓட்டுகிறவருக்கு இது பிடிக்காது. அப்படிப்பட்டவரோடு ஆளில்லாத பாதைக்குள் போகாதீர்கள்.

வீட்டிலும் ஒருவரிடம் மூன்று தகவல் இருக்கட்டும். எந்தப் பாதை, எத்தனை மணிக்குள் செய்தி வரும், வராவிட்டால் யாரை அழைப்பது. மூன்றாவதைச் சொல்லாமல் விட்டால் அவர்கள் ‘இன்னும் கொஞ்சம் பார்ப்போம்’ என்று இரவுவரை உட்கார்ந்திருப்பார்கள். 112 என்ற அவசர எண் இந்தியா, ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் உட்படப் பல இடங்களில் வேலை செய்யும். வெளிநாட்டுப் பாதைக்குப் போனால் அந்த நாட்டின் எண்ணை முன்பே எழுதிக்கொள்ளுங்கள்.

சிக்னல் அறவே இல்லாத இடத்துக்கு அடிக்கடி போகிறவர் என்றால் செயற்கைக்கோள் வழியாக அழைக்கும் கருவி வாங்குவது நல்ல முடிவு. இரண்டு வகை உண்டு. 406 மெகாஹெர்ட்ஸில் காஸ்பாஸ்-சார்சாட் மீட்பு அமைப்புக்கு அழைப்பு அனுப்பும் கையடக்க பீக்கனுக்கு மாதச் சந்தா கிடையாது. ஆனால் பெயரில் பதிவு செய்திருக்க வேண்டும், பதில் பேச முடியாது. கார்மின் இன்ரீச் போன்றவற்றில் செய்தி அனுப்பவும் வாங்கவும் முடியும், சந்தா உண்டு. என்னைக் கேட்டால் இரண்டாவது வகை. ‘கால் முறிவு, நினைவு இருக்கிறது, ரத்தம் இல்லை’ என்று சொல்ல முடிந்தால் வருகிறவர்கள் அதற்கேற்ற ஏற்பாட்டோடு வருவார்கள். இந்தக் கருவிகளை வைத்திருக்கச் சில நாடுகளில் அனுமதி தேவை அல்லது தடையே உண்டு. வாங்கும் முன் விசாரியுங்கள்.

எந்தக் கருவியானாலும் அது உங்கள் உடம்பில் இருக்க வேண்டும். டேங்க் பையில் வைத்தால் வண்டி பள்ளத்துக்குள் போகும்போது அதுவும் கூடவே போகும். போன், விசில், டூர்னிக்கெட் (ரத்தப்போக்கை நிறுத்தக் கை காலில் இறுக்கும் பட்டை) மூன்றும் அப்படியே. எந்தக் கையாலும் எட்டும்படி மார்புப் பக்கம் வையுங்கள். காரை எலும்பு உடைந்த பக்கத்துக் கையால் முதுகுப் பையின் ஜிப்பைத் திறக்க முடியுமா என்று உங்களுக்கு இப்போது தெரியும். தண்ணீர், மீட்புப் போர்வை, டூல்ஸ் வண்டியில் இருக்கலாம்.

விழுந்தவரிடம் முதலில் போகிறவர் செய்ய வேண்டியதில் முதல் காரியம், பின்னால் வரும் வண்டிகளை நிறுத்துவது. வளைவுக்கு முன்பே ஓர் ஆளை அனுப்புங்கள். எஞ்சினை அணையுங்கள். கால் மேல் வண்டி கிடந்தால் சூடான சைலன்சரைப் பார்த்துத் தூக்குங்கள். ரத்தம் கொப்பளித்தால் நேரடியாக அழுத்துங்கள். கை கால்களில் அழுத்தியும் நிற்கவில்லை என்றால் காயத்துக்கு 5 முதல் 7 செ.மீ. மேலே, மூட்டைத் தவிர்த்து டூர்னிக்கெட் போட்டு, ரத்தம் நிற்கும்வரை முறுக்கி, நேரத்தை எழுதுங்கள். மருத்துவமனைவரை தளர்த்தக் கூடாது. நன்றாக மூச்சு விடுகிறார் என்றால் ஹெல்மெட்டைக் கழற்ற வேண்டாம். மூச்சு தடைபட்டால் கழற்றியே ஆக வேண்டும். ஒருவர் கழுத்தையும் தாடையையும் பிடித்துக்கொள்ள, மற்றவர் மெதுவாக இழுக்க வேண்டும். இதைப் படித்தால் வராது. வீட்டில் ஒரு மாலை நண்பரைப் படுக்க வைத்துப் பழகுங்கள், டூர்னிக்கெட்டையும் ஒற்றைக் கையால் போட்டுப் பழகுங்கள். அடிபட்டவர் சீக்கிரம் குளிர்ந்துவிடுவார். போர்வையை மேலே போர்த்துவதைவிட, அடியில் ஜாக்கெட்டோ பையோ விரிப்பது முக்கியம்.

எழுந்து நடமாடுகிறார் என்பதால் விட்டுவிடவும் கூடாது. ஹேண்டில்பார் முனை வயிற்றில் குத்தியிருந்தால் உள்ளே கசிவு மெதுவாக இருக்கலாம். இடது கீழ் விலாவில் அடிபட்டு, அடியே படாத இடது தோள்பட்டையில் வலி வந்தால் மண்ணீரல் கிழிந்திருக்கலாம். தலைவலி கூடிக்கொண்டே போவது, திரும்பத் திரும்ப வாந்தி, அசாதாரணத் தூக்கம் ஆகியவையும் உடனே மருத்துவமனை போக வேண்டிய அறிகுறிகள். முதலில் தெளிவாகப் பேசிவிட்டுப் பிறகு சரிவது தலைக்குள் ரத்தக் கசிவில் நடக்கக்கூடியது.

கடைசியாக உங்கள் வண்டி. முன்சக்கரம் சிக்கி விழுந்த வண்டியில் ஃபோர்க் (முன்சக்கரத்தைத் தாங்கும் குழாய்கள்) கிளாம்புக்குள் முறுக்கிக்கொண்டிருக்கும். சக்கரத்தை நேராக வைத்தால் ஹேண்டில்பார் கோணலாகத் தெரியும். கிளாம்ப் போல்ட்டுகளைத் தளர்த்தி நேராக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஸ்டீயரிங் கழுத்தில் வெல்டிங் ஓரமாகப் பெயின்ட் வெடித்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். வெடித்திருந்தால் ஃபிரேமைச் சோதிக்காமல் ஓட்டக் கூடாது. ஹேண்டில்பார் எந்தப் பக்கம் திரும்பியிருந்தாலும், த்ராட்டிலை முறுக்கி விட்டால் சட்டென்று திரும்பி வர வேண்டும். வளைந்த அலுமினிய ஹேண்டில்பாரை நிமிர்த்தாதீர்கள், புதிது மாட்டுங்கள். கிளட்ச், பிரேக் லிவர்களின் கிளாம்பைக் கையால் பலமாகத் தள்ளினால் சுழலும் அளவுக்கு மட்டும் இறுக்கி வைத்தால், அடுத்த முறை வண்டி சாயும்போது உடையாமல் திரும்பிக்கொள்ளும்.