நன்றாக இருக்கிறேன், மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: மனச்சோர்வுக்காக எஸ்சிடலோபிராம் 10 மி.கி. மாத்திரையை மூன்று மாதமாகச் சாப்பிட்டேன். தூக்கம், பசி எல்லாம் சரியாகிவிட்டதால் போன வாரம் நானாகவே நிறுத்திவிட்டேன். மூன்றாம் நாளே தலைசுற்றல், காரணமில்லாத எரிச்சல், கண்ணைத் திருப்பினால் தலைக்குள் கரண்ட் அடித்தமாதிரி சுரீர் என்கிறது. "அப்பவே சொன்னோமே, இது போதை மாத்திரை" என்கிறார்கள் வீட்டில். நான் அடிமையாகிவிட்டேனா?

பதில்: இல்லை. அடிமையானவருக்கு அந்தப் பொருளின் மேல் ஏக்கம் வரும், போகப்போக அளவைக் கூட்டத் தோன்றும். உங்களுக்கு அந்த இரண்டுமே இல்லையே. மாதக்கணக்கில் ஒரு மருந்துக்குப் பழகிய மூளையிடமிருந்து அதைச் சட்டென்று பிடுங்கினால் கொஞ்ச நாள் தடுமாறத்தான் செய்யும், அந்தச் சுரீரும் தலைசுற்றலும் அதனால் வருபவைதான். இன்றே உங்கள் மருத்துவருக்கு போன் செய்து, எந்தத் தேதியில் நிறுத்தினீர்கள் என்று சொல்லுங்கள். திட்டுவாரோ என்று தயங்க வேண்டாம். பெரும்பாலும் மறுபடி ஆரம்பிக்கச் சொல்வார், நிறுத்தும் காலம் வரும்போது வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில், படிப்படியாகக் குறைப்பார்.

எப்போது நிறுத்தலாம்? நன்றாக ஆன பிறகும் குறைந்தது 6 மாதம் தொடர வேண்டும், முன்பே ஓரிரு முறை மனச்சோர்வு வந்து போனவர்கள் 2 வருடம்கூடத் தொடர வேண்டியிருக்கும். சீக்கிரம் விட்டால் நோய் திரும்பி வரும் வாய்ப்பு அதிகம். நிறுத்திய சில நாட்களிலேயே உடம்பு படுத்தினால் பெரும்பாலும் அது மருந்தை விட்டதன் விளைவு. சில வாரம் கழித்து மெல்ல மெல்லப் பழைய சோர்வும் வெறுமையும் வந்தால் அது நோய்.

புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். குமட்டல், தலைவலி முதல் வாரத்திலேயே வந்துவிடும், பலன் தெரிய 2 முதல் 4 வாரம், முழுசாகத் தெரிய இன்னும் கூட ஆகலாம். பலர் இந்த இடைவெளியில்தான் கைவிடுகிறார்கள், அதுதான் எனக்கு வருத்தம். அதிலும் 25 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு ஆரம்ப வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடலாம் என்பதால் வீட்டில் ஒருவராவது கவனித்துக்கொண்டிருக்க வேண்டும், அப்படி எண்ணம் வந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்கவே கூடாது.

இந்த மாத்திரையால் தாம்பத்திய ஆர்வம் குறைவதைப் பலர் வெட்கப்பட்டு மறைத்து, ஒருநாள் மாத்திரையையே தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து சொல்லுங்கள், அளவையோ மருந்தையோ மாற்ற வழி இருக்கிறது. ஒருவேளை மாத்திரை மறந்துபோனால் அடுத்த வேளைக்கு இரண்டாகப் போடாதீர்கள். அப்புறம், வலிக்கு இபுபுரூஃபன், டிரமடால் எது வாங்கினாலும் முதலில் மருத்துவரைக் கேளுங்கள்: முன்னது வயிற்றில் ரத்தக்கசிவு ஆபத்தைக் கூட்டும், பின்னது இந்த மாத்திரையோடு சேர்ந்து செரடோனின் என்ற மூளை ரசாயனத்தை அளவுக்கு மீறி ஏற்றிவிடலாம்.