டிஜிட்டல் மிக்சர், அனலாக் மிக்சர்: கேட்டவர்களுக்கு என் பதில்கள்

கே: அண்ணே, ரெண்டுக்கும் அடிப்படையில் என்னதான் வித்தியாசம்?

மிக்சர் என்பது மைக்குகளின் சத்தத்தைச் சேர்த்துச் சரிசெய்து ஸ்பீக்கருக்கு அனுப்பும் டேபிள். அனலாக்கில் மைக்கிலிருந்து வரும் சிக்னல் கடைசிவரை மின்னழுத்தமாகவே ஓடும். டிஜிட்டலில் மைக்கின் மெல்லிய சிக்னலைப் பெரிதாக்கும் ப்ரீஆம்பைத் தாண்டியதும் அதை நொடிக்கு 48,000 தடவையோ 96,000 தடவையோ அளந்து எண்ணாக்கி விடுவார்கள், அப்புறம் ஈக்யூ, கம்ப்ரசர், ரிவெர்ப் என்று சத்தத்தைச் செதுக்கும் வேலை எல்லாமே கணக்குதான். அதனால்தான் முன்பு ரேக் ரேக்காகத் தூக்கிப்போன சாமான் எல்லாம் ஒரு டேபிளுக்குள் அடங்கிவிட்டது. ஆனால் மைக் ப்ரீஆம்ப் இரண்டிலும் அனலாக்தான். அங்கே கிழிந்த சத்தத்தைப் பின்னால் எதுவும் தைக்காது.

கே: அனலாக்கில் மீட்டர் சிவப்பைத் தொடுகிற மாதிரி ஓட்டித்தான் பழக்கம். இதிலும் அப்படியே ஓட்டலாமா?

கூடாது. நல்ல அனலாக் டேபிளில் மீட்டர் 0 காட்டினாலும் அதற்கு மேல் 18, 20 டெசிபல் இடம் இருக்கும். டிஜிட்டல் மீட்டரில் 0 என்பதுதான் கூரை, அதற்கு மேல் ஒன்றுமே கிடையாது. சராசரியை மைனஸ் 18 பக்கம் வையுங்கள். 24 பிட் துல்லியத்தில் அளக்கும்போது இரைச்சல் எங்கோ அடியில் கிடக்கிறது, குறைவாக வைப்பதால் நஷ்டமில்லை. முக்கியமாகத் தவில். சவுண்ட் செக்கில் அவர் சும்மா தட்டிக் காட்டுவதை நம்பி கெயின் (ப்ரீஆம்ப் பெரிதாக்கும் அளவு) வைத்தீர்கள் என்றால், தனித்தவில் தொடங்கியதும் சிவப்பு விளக்கு அணையவே அணையாது.

கே: 32 சேனல் என்ன விலை சார்?

டீலரிடம் கேளுங்கள். யூபிஎஸ் விலையையும் சேர்த்துக் கேளுங்கள்.

கே: பாடகி இன்-இயரில் (காதுக்குள் மாட்டும் மானிட்டர்) தன் குரல் ஒருமாதிரி கேட்கிறது என்கிறார். டிஜிட்டல் தாமதமா?

இருக்கலாம். பெஹ்ரிங்கர் எக்ஸ்32 மாதிரி டேபிளில் உள்ளே போய் வெளியே வர ஒரு மில்லிசெகண்டுக்கும் குறைவு, காற்றில் ஒலி ஓர் அடி போகிற நேரம். ஸ்டேஜில் வைக்கும் மானிட்டர் ஸ்பீக்கரில் யாருக்கும் தெரியாது. ஆனால் பாடுபவருக்குத் தன் குரல் எலும்பு வழியாகவும் கேட்கிறதே, அதோடு இன்-இயரில் வருவது மோதும்போது சில அதிர்வெண்கள் தேய்ந்துவிடும். டிஜிட்டல் வயர்லெஸ் மைக், வெளி ப்ராசசர் என்று ஒவ்வொன்றும் தன் பங்குக்குத் தாமதம் கூட்டும். ஒன்றொன்றாகக் கழற்றிப் பாருங்கள், போலாரிட்டியை (சிக்னலின் பிளஸ்-மைனஸ்) திருப்பியும் பாருங்கள்.

கே: அனலாக் சவுண்ட்தானே வார்ம், அதாவது இதம்?

இதே கேள்வி மூன்றாவது தடவை வருகிறது. டிரான்ஸ்ஃபார்மரும் சர்க்யூட்டும் சேர்க்கிற லேசான டிஸ்டார்ஷன்தான் அந்த வார்ம். பிடித்தால் தப்பில்லை. அரை டெசிபல் சத்தம் கூடினாலே காது அதை நல்லது என்று சொல்லிவிடும், அதனால் லெவலைச் சமமாக்கி, எது எதென்று தெரியாமல் கேட்டுவிட்டுப் பேசுங்கள்.

கே: ஸ்டுடியோக்காரர்கள் இன்னும் நீவ் கம்பெனியின் அனலாக் ப்ரீஆம்ப் தேடுவது சும்மாவா? 25 வருஷ ஆபரேட்டர் காது பொய் சொல்லுமா?

ஸ்டுடியோவில் அது வேண்டுமென்றே பூசுகிற சாயம், எந்த டிராக்கில் எவ்வளவு என்று உட்கார்ந்து யோசிக்க நேரம் இருக்கிறது. நீங்கள் பேசுவது மண்டபத்து லைவ். ஒன்று கேட்கிறேன், உங்கள் டாப் ஸ்பீக்கருக்கும் பேஸ் அடிக்கும் சப்புக்கும் நடுவில் சத்தத்தைப் பிரிக்க என்ன கிராஸ்ஓவர்?

கே: டிஎஸ்பி ப்ராசசர்தான், டிஜிட்டல் பெட்டி. அதனால் என்ன?

அப்படியென்றால் உங்கள் அனலாக் டேபிளின் சத்தம் அந்தப் பெட்டிக்குள் எண்ணாக மாறித்தான் ஸ்பீக்கருக்கே போகிறது. அதையும் தாண்டி வார்ம் கேட்கிறது என்றால் அது உங்கள் டேபிளின் சாயம், அனலாக் என்பதால் வந்த புனிதம் இல்லை. விலை குறைந்த அனலாக் மிக்சரில் வருவது வார்ம்கூட இல்லை, இரைச்சல். வார்ம் பற்றி இனி யார் கேட்டாலும் பதில் கிடையாது.

கே: நடுவில் கரண்ட் போனால்?

அனலாக் கரண்ட் வந்ததுமே பேசும். டிஜிட்டல் கம்ப்யூட்டர் மாதிரி பூட் ஆகணும், அதுவரை முகூர்த்த நேரத்தில் மாப்பிள்ளை வீட்டார் உங்களையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். யூபிஎஸ். மறுபடியும் சொல்கிறேன், யூபிஎஸ். மேடையில் மைக் வயர்களைச் செருகும் ஸ்டேஜ் பாக்ஸுக்கும் சேர்த்து.

கே: மைக் விசில் அடித்தால் அந்த ஃபேடர் (சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் தள்ளு குமிழ்) எந்த லேயரில், அதாவது ஃபேடர்களின் எந்தப் பக்கத்தில், என்று தேடுவதற்குள் போதும் போதும் என்றாகிறது.

டிஜிட்டலின் உண்மையான குறை இதுதான், சவுண்ட் இல்லை. அனலாக்கில் கண்ணை மூடிக்கொண்டு கை போகும், இங்கே ஒரே ஃபேடர் நாலு வேலை பார்க்கிறது. முக்கியமான எட்டுச் சேனலை ஒரே கஸ்டம் லேயரில் அடுக்குங்கள், மைக்குகளை ஒரே பட்டனில் மொத்தமாக அணைக்கும் மியூட் குரூப்பில் போடுங்கள். சீனை (சேமித்து வைத்த செட்டிங்) ரீகால் செய்யுமுன் கெயினும், கண்டென்சர் மைக்குக்குப் போகும் 48 வோல்ட்டும் ரீகாலில் மாறாதபடி சேஃபில் இருக்கிறதா என்று பாருங்கள், போன மண்டபத்துக் கெயின் இந்த மண்டபத்தில் வந்து குதித்தால் ஊரே கூவும்.

கே: கோயிலில் பேச்சு மட்டும், ரெண்டு மைக். டிஜிட்டல் வாங்கலாமா?

வேண்டாம். சின்ன அனலாக் போதும், பூசாரியே போடுவார்.

கே: கூட்டம் சேர்ந்ததும் வைஃபையில் மிக்சரை இயக்கும் டேப்லெட் கட் ஆகிறது.

2.4 கிகாஹெர்ட்ஸில் அத்தனை போன்களும் உட்கார்ந்திருக்கும். வெளி ரூட்டர் வைத்து 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்கள், வயரில் ஒரு லேப்டாப்பும் தயாராக இருக்கட்டும். ரூட்டருக்கும் யூபிஎஸ்.