புளித்த பீரும் கொல்லாம்பழமும்

அன்புள்ள சாருக்கு,

சொந்த ஊர் குழித்துறை, வேலை பெங்களூரில். போன வாரம் நண்பர்கள் சொந்தமாக பீர் காய்ச்சி விற்கும் ஒரு பப்புக்குக் கூட்டிப்போனார்கள். சிவப்புக் கொய்யாவும் பாஷன் ஃப்ரூட்டும் போட்ட ‘சவர் பீர்’ என்று ஒன்று கொடுத்தார்கள். முதல் மடக்கிலேயே முகம் கோணிவிட்டது. நம்மூர்க்காரனுக்கு இது பாறசாலை கள்ளு ஷாப்பில் சாயங்காலம் மிஞ்சிய கள்தான். மற்றவர்கள் ஆஹா ஓஹோ என்கிறார்கள். பழம் போட்டால் இனிக்க வேண்டாமா? கெட்டுப்போனதைப் பெயர் மாற்றி விற்கிறார்களா? அடுத்தது சக்கைப்பழத்தில், அதான் பலாப்பழத்தில், செய்யப்போகிறார்களாம். தேறுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கெட்டுப்போனது இல்லை. ஆனால் உங்கள் சந்தேகத்தில் நியாயம் உண்டு. மற்ற பீர்க்காரர்கள் எந்தக் கிருமிக்குப் பயந்து குழாய் குழாயாகக் கழுவுகிறார்களோ, அந்த லாக்டோபேசில்லஸை இங்கே கூப்பிட்டு உள்ளே விடுகிறார்கள். பார்லி, கோதுமை முளைதானியத்தின் இனிப்புச் சாற்றைக் கொதிக்கவைத்து, 40 டிகிரி அளவுக்கு ஆறவிட்டு, அதில் கிருமியைச் சேர்ப்பார்கள். ஓரிரு நாளில் புளிப்பு ஏறும். மோரில் இருக்கும் அதே லாக்டிக் அமிலம்தான். சாதாரண பீரின் பி.எச். (குறையக் குறையப் புளிப்பு) 4.2லிருந்து 4.5 வரை இருக்கும், இது 3.2, 3.5 என்று இறங்கிவிடும். போதும் என்றானதும் மறுபடி கொதிக்கவைத்துக் கிருமியைக் கொன்றுவிட்டு, அப்புறம்தான் சர்க்கரையை ஆல்கஹாலாக்கும் ஈஸ்ட். பீருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸ் பூவைப் பேருக்குத்தான் போடுவார்கள். கசப்பும் புளிப்பும் சேர்ந்தால் வாய்க்கு ஆகாது.

கள் இப்படி இல்லை. ஈஸ்டும் கிருமிகளும் கலயத்திலேயே ஒன்றாக வேலையைத் தொடங்கிவிடுகின்றன, நிறுத்த ஆளில்லை. விட்டால் வினிகர். கள்ளுக்குச் சொந்தம் தேட வேண்டுமென்றால் பெல்ஜியத்தில் பிரஸ்ஸல்ஸ் பக்கத்து லாம்பிக் என்ற பீரிடம் போகவேண்டும். அங்கே குளிர்மாதங்களில் மட்டும் காய்ச்சி, அகலமான தொட்டியில் இரவெல்லாம் திறந்துவைத்து, காற்றில் வருவதை விழவிட்டு, மரப்பீப்பாயில் ஒன்றிலிருந்து மூன்று வருடம் போட்டுவைக்கிறார்கள். நீங்கள் குடித்தது அத்தனை பொறுமையுள்ள சரக்கு அல்ல. ஒன்று கவனியுங்கள்: வினிகர் மாதிரி மூக்கில் குத்தினாலோ, வாந்தி வாடை அடித்தாலோ அது நிஜமாகவே கெட்டதுதான், திருப்பிக் கொடுத்துவிடலாம். நாக்கின் ஓரங்களில் மட்டும் சுண்டி இழுத்துவிட்டு மறைந்தால் சரியான புளிப்பு.

சரி, பழம். கொய்யாவின் சர்க்கரையை ஈஸ்ட் தின்றுவிடுகிறது. மிஞ்சுவது வாசனை, துவர்ப்பு, கொஞ்சம் கலங்கல் நிறம். மூக்கு ‘கொய்யா’ என்கிறது, நாக்கில் இனிப்பைக் காணோம். உங்கள் முகம் கோணியது அந்த ஏமாற்றத்தில்தான் என்று நினைக்கிறேன். பாஷன் ஃப்ரூட் போதாக்குறைக்குத் தன் சிட்ரிக் அமிலத்தையும் கொட்டுகிறது. சில இடங்களில் கடைசியில் பழக்கூழைக் கொட்டி இனிப்பாகவே தருவார்கள். அதை டப்பாவில் அடைத்துக் குளிரில் வைக்காமல் விட்டால் மறுபடி நொதித்து வெடித்தே விடும். எனக்கு அது பீராகவே படவில்லை.

இந்தப் பழ விளையாட்டில் முன்னால் நிற்பவர்கள் பிரேசில்காரர்கள். ஜெர்மானியர் குடியேறிய சான்டா கேடரினா மாநிலத்தில், பெர்லினின் பழைய புளிப்புக் கோதுமை பீரைக் கொஞ்சம் கனமாக்கி உள்ளூர்ப் பழத்தைச் சேர்த்தார்கள். 2018ல் ‘கேடரினா சவர்’ தனி வகையாகவே பீர் வகைகளின் பட்டியலில் ஏறியது. ஆல்கஹால் 4லிருந்து 5.5 சதவீதம்.

சக்கையில் எனக்கு நம்பிக்கை இல்லை. குழைந்த சுளையுள்ள கூழன் என்றால் கரையும், கெட்டிச் சுளையுள்ள வருக்கை என்றால் அதை அரைத்தே கை ஓய்ந்துவிடும். எதுவானாலும் சக்கைக்குச் சொந்தப் புளிப்போ துவர்ப்போ பெரிதாகக் கிடையாது. சர்க்கரை போனபின் வாசனை மட்டும் தனியாக மிதக்கும். கோதுமை பீருக்கான சில ஈஸ்டுகள் பழமே இல்லாமல் வாழைப்பழ வாசனையைத் தருகின்றன. அதன்மேல் சக்கை வாசனையும் ஏறினால் இரண்டாவது மடக்கிலேயே திகட்டிவிடும்.

என்னைக் கேட்டால் கொல்லாம்பழம், அதாவது முந்திரிப்பழம். மாசி பங்குனியில் விளவங்கோடு பக்கத் தோப்புகளில் அண்டியைத் திருகி எடுத்துக்கொண்டு பழத்தை அப்படியே எறிந்துவிட்டுப் போவார்கள். அண்டியாபீசுக்கு, அதாவது முந்திரி ஆலைக்கு, வேண்டியது கொட்டை மட்டும்தானே. பழம் ஒரு நாள்கூடத் தாங்காது, மத்தியானத்துக்குள் அடியில் கசிந்து எறும்பு மொய்க்கும். சிறுவயதில் சட்டையில் கறை பட்டு நீங்களும் அடி வாங்கியிருப்பீர்கள். தின்றால் தொண்டையைப் பிடிக்குமே, அந்தக் காறல் டானின் என்ற துவர்ப்புப் பொருள். ஈஸ்ட் அதைத் தொடாது. இனிப்பு போனபிறகும் நாக்கு பிடித்துக்கொள்ள ஏதாவது மிஞ்ச வேண்டுமே, அது இந்தப் பழத்தில் இருக்கிறது. காறலை அடக்க நாம் உப்புத் தொட்டுத் தின்போம். ஜெர்மனியில் ‘கோஸே’ என்ற புளிப்பு பீரில் உப்பும் கொத்தமல்லி விதையும் போட்டே காய்ச்சுகிறார்கள். இரண்டையும் யாராவது சேர்த்துப் பார்க்கலாம். முந்திரி மரமும் பிரேசிலிலிருந்து 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் கொண்டுவந்ததுதான்.

மறுபடி போனால் சின்ன கிளாஸ் கேளுங்கள். வந்ததும் குடிக்காமல் கொஞ்சம் குளிர் விடட்டும், ஐஸ் மாதிரி இருக்கும்போது வாசனை எழாது. பசியோடு போகாதீர்கள், வயிறு எரியும். வறுத்த மீன் இருந்தால் எலுமிச்சை பிழிய வேண்டாம், அந்த வேலையை பீரே பார்த்துக்கொள்ளும்.