சிறுநீர்ப்பைப் புற்றுநோயில் வைட்டமின் டி ஏற்பிக்கு என்ன வேலை?

வைட்டமின் டி ஏற்பி என்பது செல்லுக்குள் இருக்கும் ஒரு புரதம். சிறுநீர்ப்பையின் உட்சுவர்ச் செல்களிலும் உண்டு. வெயில் பட்டுத் தோலில் உருவாகும் வைட்டமின் டி, கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் மாறி கால்சிட்ரியால் ஆகிறது. அது ஏற்பியில் ஒட்டியதும், இரண்டும் சேர்ந்து சில மரபணுக்களை முடுக்கும், சிலவற்றை அடக்கும். செல் கண்டபடி பெருகாமலிருக்கவும், கெட்டுப்போன செல் தானாகச் சாகவும் இது உதவுவதை ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள்.

கோபிப் பக்கத்துத் தோட்டத்துக் கிணற்று மோட்டாரை நினைத்துக்கொள்ளுங்கள். மும்முனைக் கரண்டு வந்தாலும், ஸ்டார்ட்டர் கோளாறு என்றால் வாய்க்காலில் சொட்டுத் தண்ணீர் வராது. வைட்டமின் டிதான் கரண்டு, ஏற்பி ஸ்டார்ட்டர்.

சரி, வைட்டமின் டி குறைந்தால் புற்றுநோய் வருமா? ரத்தத்தில் குறைவாக உள்ளவர்களிடம் இது கூடுதலாகத் தெரிவதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. குறைவுதான் காரணம் என்று நிரூபணமாகவில்லை. முதல் காரணம் புகைப்பழக்கம். அப்புறம் பென்சிடின் போன்ற சாய ரசாயனங்கள். திருப்பூர்ப் பக்கம் சாயப்பட்டறையில் வேலை பார்த்தவர்கள் இதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும்.

காட்டு வெயிலில் நிற்பவருக்கு இந்த நோய் வராது, டி மாத்திரை போட்டால் கட்டி கரைந்துவிடும் என்பதெல்லாம் தவறு. வலியே இல்லாமல் சிறுநீரில் ரத்தம் வந்தால், உடம்புச் சூடு என்று இளநீர் குடித்து நாள் கடத்தாமல் மருத்துவரைப் பாருங்கள்.