எதைப் பேசித் தீர்க்கக் கூடாது? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

கடலூர் பக்கம் கடலோரக் கிராமம் எங்களுடையது. மாசி மகத் தீர்த்தவாரி முடிந்த இரவு, ஒரு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸை வைத்து இரண்டு தெருப் பையன்கள் மோதிக்கொண்டார்கள். அதன்பிறகு, ஊரில் சண்டையைத் தடுக்கவும் பெண்களுக்குத் துணை நிற்கவும் 14 பேர் சேர்ந்து ஒரு குழு தொடங்கினோம். அதில் 6 பேர் பெண்கள். மூன்றாவது கூட்டத்துக்குப் பெண்களில் நான் ஒருத்திதான் போனேன். இப்போது, மனைவியை அடிக்கும் ஒருவரைக் கூப்பிட்டுப் பேசி இருவரையும் சேர்த்துவைக்கலாம் என்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை.

வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

கடைசி விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கூப்பிட்டுப் பேசாதீர்கள். ஒருவர் அடிக்க, இன்னொருவர் வாங்குவதை இரு தரப்புத் தகராறு என்று எடுத்துக்கொள்ள முடியாது. ‘இனி அடிக்க மாட்டேன்’ என்று எழுதி வாங்கினால், ஊர் வாயில் விழவைத்துவிட்டாள் என்ற கோபத்தில் அன்றிரவே அடுத்த அடி விழலாம். நாளைக்கு அந்தப் பெண் ஸ்டேஷனுக்குப் போனால், ‘அதான் பேசி முடிச்சாச்சே’ என்று அதே காகிதத்தைக் காட்டுவார்கள்.

குழுவின் பெண்கள் இருவர் மட்டும் அடிபடும் அந்தப் பெண்ணைத் தனியாகப் பார்த்து, என்ன வேண்டும் என்று கேளுங்கள். அவர் சம்மதிக்காமல் ஓர் அடிகூட முன்னே வைக்காதீர்கள். காயம் இருந்தால் அரசு மருத்துவமனைக்குத் துணை போங்கள். ‘வழுக்கி விழுந்தேன்’ என்று சொன்னால் விபத்துப் பதிவேட்டில் அதுதான் ஏறும். யார், எதனால், எப்போது அடித்தார் என்று அவர் வாயால் சொல்லட்டும். பின்னால் வழக்கென்று வந்தால் அந்த வரி பேசும். பெண்கள் உதவி எண் 181, இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். 2005 குடும்ப வன்முறைச் சட்டப்படியான பாதுகாப்பு அலுவலரை மாவட்ட சமூகநல அலுவலகத்தில் கேளுங்கள். வக்கீல் செலவை நினைத்துப் பயந்தால், பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு, எண் 15100.

18 வயது நிரம்பாதவர் மீதான பாலியல் குற்றமும், சாதியைச் சொல்லி நடக்கும் வன்கொடுமையும் இதே கணக்குதான். முதலாவதைத் தெரிந்தும் சொல்லாமல் இருப்பதே போக்சோ சட்டப்படி குற்றம். இவற்றுக்குச் சமாதானம் பேசப் போனால், அடிபட்டவர் வாயை அடைக்கும் வேலையைத்தான் செய்வீர்கள்.

ஸ்டேட்டஸ், கபடி மேட்ச், வலை காயவைக்கும் இடம், திருவிழா மைக் – இவற்றால் வரும் சண்டையைப் பேசித் தீர்ப்பதுதான் உங்கள் வேலை. தெருவுக்கு ஓர் ஆண், ஒரு பெண் என்று ஜோடி போட்டு, எதிர்த் தெரு ஜோடியின் எண்ணை வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். செய்தி வந்ததும் ஃபார்வர்ட் செய்யுமுன் அந்த எண்ணுக்குப் போன். ‘கண்ணால் பார்த்தது யார்?’ என்ற ஒரே கேள்வியில் பாதி வதந்தி நின்றுவிடும். ஸ்டேட்டஸை எடுக்கச் சொல்வது அதைப் போட்டவனுடைய சொந்தத் தெரு நண்பனாக இருக்கட்டும். எதிர்த் தெருக்காரன் கேட்டால் வீம்புக்கே இன்னொன்று போடுவான். முதலில் தனித்தனியாகப் பேசுங்கள், மறுநாள் சேர்த்து உட்காரவையுங்கள். இரு தெருவும் கூச்சமின்றி வரும் இடமாகப் பாருங்கள். கோயில் வாசல் வேண்டாம், அது எல்லோருக்கும் பொதுவென்று எல்லோரும் நினைப்பதில்லை. போனில் யாரும் வீடியோ எடுக்கக் கூடாது. யார், எதை, எந்தத் தேதிக்குள் செய்வது என்று நாலு வரி எழுதி, ஏழாம் நாள் போய்ப் பாருங்கள். பலரும் கோட்டைவிடுவது இந்த ஏழாம் நாளைத்தான். அடுத்த மாசி மகத்துக்கு ஒரு வாரம் முன்பே ஊர்வலப் பாதையையும் மைக் நேரத்தையும் பேசி வைத்துவிடுங்கள். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குச் சட்டமே தடை.

இனி, வராமல் போன அந்த 5 பேர். அவர்களுக்கு ஆர்வமில்லை என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள். கூட்டம் எத்தனை மணிக்கு? இரவு 7 மணிக்கு, பையன்கள் உட்காரும் இடத்தில் என்றால் எந்த வீட்டில் அனுப்புவார்கள்? மீன் விற்கப் போகும் அம்மா மதியம் திரும்பும்வரை வீட்டு வேலை அந்தப் பெண் தலையில்தான். ஞாயிறு மாலை 4 மணி, மகளிர் குழு கூடும் இடம், 45 நிமிடம் – இப்படி மாற்றிப் பாருங்கள். கூட்டத்துப் போட்டோவை யாராவது ஸ்டேட்டஸில் போட்டார்களா என்றும் விசாரியுங்கள். அண்ணன் கண்ணில் அது பட்ட அன்றே அவள் வருவது நின்றிருக்கும். கேட்காமல் போட்டோ இல்லை என்பதை முதல் விதியாக வையுங்கள்.

டீ கொடுக்கவும் கோலம் போடவும் மட்டும் பெண்கள் என்றால் நேரத்தை மாற்றியும் பயனில்லை. வங்கிக் கணக்கில் கையெழுத்துப் போடும் மூவரில் இருவர் பெண்களாக இருக்கட்டும். இரு தெருவுக்கும் நடுவே தெருவிளக்கு கேட்டு கிராம சபையில் மனு கொடுப்பதென்றால், எழுந்து பேசுவது அவர்களில் ஒருத்தியாக இருக்கட்டும். தீர்மானம் புத்தகத்தில் எழுதப்பட்டதைப் படித்த பிறகே கையெழுத்து. வெற்றுப் பக்கத்தில் முன்கூட்டியே வாங்கும் பழக்கம் பல ஊர்களில் இருக்கிறது.

அம்மாக்களை மறந்துவிடாதீர்கள். உங்கள் கடலூர் முதுநகர் விடுதலைப் போராட்ட வீராங்கனை அஞ்சலை அம்மாள், ஆங்கிலேயத் தளபதி நீலின் சிலையைச் சென்னையிலிருந்து அகற்றக் கோரி 1927இல் நடந்த சத்தியாகிரகத்துக்குத் தன் சின்ன மகளையும் கூட்டிக்கொண்டு போனவர். அடுத்த ஞாயிறுக்கு முன் அந்த 5 வீட்டுக்கும் போய் வாருங்கள், பையன்கள் இல்லாமல். உங்கள் அம்மாவும் கூட வந்தால் பேச்சு சுலபமாகும். கூட்டத்தை எத்தனை மணிக்கு வைக்கலாம் என்று அந்த வீட்டு அம்மாக்களிடமே கேளுங்கள்.

அன்புடன்
அக்கா